ஐந்தாம் வாரத்தில் தேமல் கண்ட முலாம்பழக் கொடி

கேள்வி: எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து பயிர் வைக்கிறோம். என் பங்கில் முலாம்பழம், பீர்க்கை, பாகல் மூன்றும் இருக்கின்றன. முலாம்பழ விதையைக் கடையில் வாங்கிய ராக்மெலனிலிருந்து எடுத்தேன். ஐந்தாவது வாரத்தில் அதன் கொழுந்தில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக வந்தது. இப்போது இலை கொப்புளம் கொப்புளமாகச் சுருங்கி, விளிம்பு ரம்பப்பல் போல ஆகிவிட்டது. பீர்க்கையில் கீழ் இலைகள் மட்டும் மஞ்சள், நரம்பு பச்சை. பாகலில் நுனி இலைகள் சிறுத்துச் சுருள்கின்றன. எப்சம் உப்பு போட்டேன், வேப்பெண்ணெய் அடித்தேன், பயனில்லை. கவாத்துக் கத்தரி ஒன்றுதான் இருக்கிறது, அதையே எல்லாரும் பயன்படுத்துகிறோம். இது வைரஸா? மருந்து உண்டா? காயைச் சாப்பிடலாமா? விதை எடுக்கலாமா? பக்கத்துப் பாத்திப் பப்பாளிக்கும் பரவுமா?
– ஈசூன் வாசகர், சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முலாம்பழத்தில் இருப்பது பெரும்பாலும் வைரஸ்தான். பீர்க்கையைப் பொறுத்தவரை இரண்டு காரணங்கள் இருக்கலாம். பாகலுக்கு வைரஸ் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். மூன்றும் ஒரே பந்தலில் ஒரே நேரத்தில் நோய்ப்பட்டதால் ஒரே நோய் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் மூன்று வெவ்வேறு திசைகளைக் காட்டுகின்றன.

மருந்து பற்றிய கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். செடிக்குள் புகுந்த வைரஸை அழிக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. உரம், எப்சம் உப்பு, வேப்பெண்ணெய் எதுவும் அந்தச் செடியைக் குணப்படுத்தாது. நம் கையில் இருப்பது, வைரஸ் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடித்து அந்த வழியை அடைப்பது மட்டும்தான். செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் போன்ற பூச்சிகள், விதை, கத்தரிக்கோல் என்று வழிகள் பல. ஒரு வழிக்குப் போட்ட பூட்டு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பாகலிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதைக் காப்பாற்ற முடியலாம். நுனி இலை சிறுத்து, தடித்து, விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டு, அடிப்பக்கம் பழுப்பு மினுமினுப்புடன் இருந்தால் முதல் சந்தேகம் முரணைச் சிலந்தி, கொழுந்தின் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிரி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. 20 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் கொழுந்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மங்கலான கண்ணாடி நிறத்தில் மெதுவாக நகரும் புள்ளிகளும், வெள்ளைப் புள்ளிகள் பதித்த நீள்வட்ட முட்டைகளும் தெரிந்தால் அதுதான். தாக்கப்பட்ட நுனிகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, வேப்பெண்ணெயைக் கொழுந்தின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி ஐந்து நாளைக்கு ஒருமுறை என மூன்று தடவை அடியுங்கள். மேலிருந்து தெளித்தால் பயனில்லை, சிலந்தி இருப்பது கீழே. கந்தகத்தூள் சிலந்தியைக் கொல்லும் என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். ஆனால் வெள்ளரிக் குடும்பச் செடிகளின் இலை, நம் ஊர் வெயிலில், கந்தகம் பட்டால் கருகும். இரண்டு வாரத்தில் வரும் புது இலை தட்டையாக, இயல்பான அளவில் வந்தால் அது சிலந்தியின் வேலை. புது இலையும் சுருண்டு, நரம்பு தடித்து, மஞ்சள் தேமலும் சேர்ந்தால் வெள்ளை ஈ கடத்தும் பெகோமோ வைரஸ் என்று கொள்ளலாம்.

பீர்க்கையில் கீழ் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது மக்னீசியம் குறைவாகவும் இருக்கலாம், மஞ்சள் வைரஸாகவும் இருக்கலாம். அசுவினி கடத்தும் ஒரு பொலெரோவைரஸும், வெள்ளை ஈ கடத்தும் கிரினிவைரஸ்களும் இதே தோற்றத்தைத் தருகின்றன. அனுபவமுள்ள விவசாயிகளே ஏமாறும் இடம் இது. அந்த மஞ்சள் இலையை மடித்துப் பாருங்கள். வைரஸ் பட்ட இலை தடித்து, மொறுமொறுவென்று ஒடியும். மக்னீசியம் குறைந்த இலை வழக்கம்போல் துவளும். ஒரே மண்ணில் நிற்கும் எல்லாக் கொடியிலும் ஒரே உயரத்தில் மஞ்சள் வந்திருந்தால் சத்துக்குறை. ஒன்று மஞ்சளாகவும் அதைத் தொட்டு நிற்கும் இன்னொன்று முழுப் பச்சையாகவும் இருந்தால் வைரஸ். எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட்தான்; அதை மண்ணில் போட்டிருந்தால், லிட்டருக்கு 10 கிராம் கரைத்து இலைமேல் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை தெளித்துப் பாருங்கள். ஏற்கெனவே மஞ்சளான இலை பச்சைக்குத் திரும்பாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மஞ்சள் மேல் இலைகளுக்கு ஏறுகிறதா என்பதைக் கவனித்தால் போதும்.

இப்போது முலாம்பழம். கொப்புளமும் ரம்பப்பல் விளிம்பும் சேர்ந்து வந்தால் பொட்டிவைரஸ் குழுவை நினைக்க வேண்டும். சுக்கினி எல்லோ மொசைக் வைரஸ், பப்பாளி ரிங்ஸ்பாட் வைரஸின் டபிள்யூ வகை, வாட்டர்மெலன் மொசைக் வைரஸ் மூன்றும் இந்தக் குழுவில் இருக்கின்றன. மூன்றையும் அசுவினிதான் கடத்துகிறது. குக்கும்பர் மொசைக் வைரஸும் இதே வழியில் வரும். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஒரே கொடியில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சாதாரணம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது வேறு இரண்டு செய்திகள்: கடைப் பழத்தின் விதை, எல்லாரும் பயன்படுத்தும் ஒரே கத்தரி. குக்கும்பர் கிரீன் மாட்டில் மொசைக் வைரஸ், சுருக்கமாக சி.ஜி.எம்.எம்.வி., இந்த இரண்டு வழியிலும் வரும். 1935-இல் இங்கிலாந்தில் வெள்ளரியில் முதலில் விவரிக்கப்பட்டது. விதையின் தோலில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும், பூச்சியின் துணையே தேவையில்லை. கை, கத்தரி, பந்தல் கயிறு, செடியோடு செடி உரசுவது, எல்லாமே அதற்கு வழி. காய்ந்த இலைத்துணுக்கிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். 2014-இல் ஆஸ்திரேலியாவின் கேத்தரின் பகுதித் தர்ப்பூசணித் தோட்டங்களில் இது கண்டறியப்பட்டபோது பண்ணைகளையே தனிமைப்படுத்தினார்கள். முலாம்பழத்தில் இதன் தேமல் கொழுந்தில் தெரிந்துவிட்டு, இலை முதிர்ந்ததும் மறைந்துபோவதுண்டு. செடி தேறிவிட்டது என்று நினைப்போம், பிறகு காயில் வலைப்பின்னல் கோணலாக வரும்போதுதான் தெரியும்.

ஆகவே இங்கே சோதனைக்குச் செலவழிப்பது தகும். பொட்டிவைரஸ் குழு, குக்கும்பர் மொசைக், சி.ஜி.எம்.எம்.வி. ஆகியவற்றுக்கு, வீட்டிலேயே செய்யும் கோவிட் ஏஆர்டி சோதனை போலவே சோதனைப் பட்டைகள் கிடைக்கின்றன. சுமார் 0.15 கிராம் இலையை, அதாவது நகத்தளவு இரண்டு மூன்று துண்டை, உடன் வரும் பையில் 3 மில்லி திரவத்தோடு நசுக்கி, பட்டையை அதில் நிறுத்தி அரை மணி நேரம் பார்க்க வேண்டும். இலையை அதிகம் போட்டால் சாறு கெட்டியாகிப் பட்டையில் ஏறாது, கோடும் தெளிவாக வராது. தேமலுக்கு இளம் இலையை எடுங்கள். பீர்க்கை மஞ்சளுக்கு மாறாக முதிர்ந்த மஞ்சள் இலைதான் சரி, ஏனென்றால் அந்த வைரஸ்கள் கொழுந்தில் குறைவாகவே இருக்கும். பெகோமோவுக்கும் கிரினிக்கும் ஆய்வுக்கூடத்தில் பிசிஆர் செய்வதே நம்பகமான வழி. இலையை ஈரமில்லாத காகிதத் துண்டில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து ஓரிரு நாளில் சேர்த்துவிடுங்கள். நீர் தெளித்து அனுப்பினால் வழியிலேயே அழுகிவிடும். எந்தச் செடி, எந்த இலை, எத்தனையாவது வாரம் என்று எழுதி வையுங்கள். பெகோமோவின் மரபுப்பொருள் டிஎன்ஏ, மற்றவை ஆர்என்ஏ. இரண்டுக்கும் சோதனை வேறு, அதனால் எதைத் தேட வேண்டும் என்று ஆய்வுக்கூடத்துக்கு இந்தக் குறிப்பே சொல்லும்.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் இன்றே கத்தரி விஷயத்தைச் சரிசெய்யுங்கள். ஆளுக்கொரு கத்தரி வைத்துக்கொள்வது மிக நல்லது. முடியாவிட்டால், ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்முன் ஒவ்வொரு முறையும் கத்தரியை ஒரு பங்கு வீட்டுப் பிளீச்சும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்த கரைசலில் ஒரு நிமிடம் முக்குங்கள். அழுக்கும் சாறும் ஒட்டியிருந்தால் பிளீச் வேலை செய்யாது, முதலில் துடைத்துவிடுங்கள். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் கடைசியில் கழுவி எண்ணெய் தடவுங்கள். கைக்கு, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 20 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து நனைத்துக்கொண்டு வேலை செய்யலாம். பாலில் உள்ள புரதம் சி.ஜி.எம்.எம்.வி. வகை வைரஸைத் தொற்றவிடாமல் தடுப்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி, விதைப் பண்ணைகளில் நடைமுறையிலும் உள்ளது. கைச்சுத்திகரிப்பு ஜெல்லை இதற்கு நம்பாதீர்கள். கொழுப்புறை கொண்ட வைரஸ்களிடம் காட்டும் திறமையை ஆல்கஹால் இதனிடம் காட்டாது.

அசுவினி வழிக்கு வருவோம். பூச்சிமருந்து ஏன் உதவாது என்பதைப் புரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சம். பறந்து வரும் அசுவினி, இது தனக்கேற்ற செடியா என்று அறிய ஊசிவாயால் இலையை ஒருமுறை குத்திச் சுவைக்கும். அந்தச் சில நொடிகளிலேயே பொட்டிவைரஸ் அதன் வாய்நுனியில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த செடியில் குத்தும் சில நொடிகளில் இறங்கிவிடும். மருந்து அதைக் கொல்ல அதைவிட அதிக நேரம் எடுக்கும். சாகுமுன் நிலைகொள்ளாமல் அலையும் அசுவினி இன்னும் பல செடிகளைக் குத்தும், பரவல் கூடவும் செய்யும். ஒட்டிய வைரஸ் சில மணி நேரத்தில் தானே உதிர்ந்துவிடும் என்பதுதான் அதன் பலவீனம். அசுவினி முதலில் வேறு பயிரில் வாயைத் துடைத்துக்கொள்ள நேர்ந்தால் கெடுதல் குறையும். அதனால்தான் தோட்ட விளிம்பில் நெருக்கமாக இரண்டு வரிசை மக்காச்சோளம் நடச் சொல்கிறோம். முலாம்பழத்துக்கு மூன்று வாரம் முன்பே நட்டால்தான் உயரம் கிடைக்கும். வெள்ளிநிறப் பிளாஸ்டிக் மூடாக்கு வானொளியைத் திருப்பி அடித்து அசுவினியையும் வெள்ளை ஈயையும் இறங்கவிடாமல் குழப்பும். கொடி படர்ந்து மூடாக்கை மறைத்த பிறகு அதன் பயன் போய்விடும், ஆனால் இளமையில் காப்பதே பெரிய காரியம். தோட்டத்துக்கென்று விற்கும் மினரல் ஆயிலை லிட்டருக்கு 10 மில்லி வீதம் வாரம் ஒருமுறை மாலையில் அடிப்பதும் உதவும். அது வைரஸ் வாயில் ஒட்டுவதைத் தடுக்கிறது. உச்சி வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும்.

வெள்ளை ஈயின் கதை நேர்மாறு. பெகோமோவைரஸ் அதன் உடலுக்குள் போய்ச் சுற்றி, மணிக்கணக்கில் கழித்துத்தான் எச்சிலுக்கு வரும். வந்தபின் பெரும்பாலும் ஆயுள் முழுதும் இருக்கும். எனவே இங்கே ஈயின் எண்ணிக்கையைக் குறைத்தால் நோயும் குறையும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் ஒரு மில்லி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து இலையின் அடிப்பக்கம் அடியுங்கள். இந்த வழியில் வரும் வைரஸ்களில் இன்று ஆய்வாளர்கள் அதிகம் கவனிப்பது, தக்காளி இலைச்சுருட்டை நியூடெல்லி வைரஸ். 1995-இல் இந்தியத் தக்காளியில் விவரிக்கப்பட்டது, தாய்லாந்திலும் இந்தோனீசியாவிலும் வெள்ளரிக் குடும்பத்தில் பதிவாகி, 2012-இல் ஸ்பெயினின் சுக்கினி வயல்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பெயரில் தக்காளி இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், முலாம்பழத்தையும் பீர்க்கையையும் அது விடுவதில்லை.

அந்த முலாம்பழக் கொடியை என்ன செய்வது? ஐந்தாவது வாரம் என்கிறீர்கள், இன்னும் பிஞ்சு நிற்கவில்லை. எடுத்துவிடுங்கள். பூக்கும் முன்பே வைரஸ் வாங்கிய கொடி, விற்கவோ ருசித்து உண்ணவோ தகுந்த பழம் தருவது அரிது. அதுவரை மற்ற நான்கு குடும்பத்தின் செடிகளுக்கும் அது நோய் ஊற்றாகவே நிற்கும். காய் முழு அளவுக்குப் பருத்தபின் நோய் வந்திருந்தால் அறுவடை வரை விட்டுவைக்கச் சொல்லியிருப்பேன், சி.ஜி.எம்.எம்.வி. என்று சோதனை சொன்னால் மட்டும் எந்த வயதிலும் விடக்கூடாது. அதிகாலையில், ஈக்கள் சுறுசுறுப்பு அடையும் முன், சோப்புக் கரைசலால் கொடியை நனையுங்கள். பெரிய குப்பைப் பையைக் கவிழ்த்து மூடிய பிறகே அடியில் வெட்டுங்கள். வெறுமனே பிடுங்கி இழுத்துக்கொண்டு போனால் அதிலிருக்கும் ஈக்கள் அத்தனையும் பக்கத்துப் பந்தலில் போய் உட்காரும். வாயைக் கட்டி, எரியாலைக்குப் போகும் சாதாரணக் குப்பையில் போடுங்கள். மட்குத்தொட்டி வேண்டாம், சமூகத் தோட்டத்து மட்கு சி.ஜி.எம்.எம்.வி.யை அழிக்கும் அளவுக்குச் சூடேறுவதில்லை. சோதனையில் அது உறுதியானால் தென்னைநார்ப் பையும் கயிறும்கூடக் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

சாப்பிடுவது பற்றி அஞ்ச வேண்டாம். செடி வைரஸ் மனிதரைத் தாக்காது. 2006-இல் சிங்கப்பூர் ஜீனோம் ஆய்வுக்கழகமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், நலமான மனிதர் மலத்தில் மிகுதியாகக் கிடைத்த ஆர்என்ஏ வைரஸ், மிளகாய்க் குடும்பத்தைத் தாக்கும் ஒரு செடி வைரஸ்தான். உணவோடு உள்ளே போய் அப்படியே வெளியேறுகிறது. நோய்ப்பட்ட பழத்தில் இனிப்பு குறையும், சதை கெட்டிப்படும், அவ்வளவே. ஒன்றே ஒன்று: பீர்க்கையோ சுரையோ வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால், வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், துப்பிவிட்டு முழுவதையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்புப் பொருள் நஞ்சு.

விதை எடுக்கக் கூடாது, நோய்ப்பட்ட கொடியிலிருந்தும் சரி, கடைப் பழத்திலிருந்தும் சரி. விதை நிறுவனங்கள் ஈரத்தைப் படிப்படியாகக் குறைத்து 72 டிகிரி உலர்வெப்பத்தில் மூன்று நாள் வைத்து வைரஸைக் குறைக்கின்றன. வீட்டு ஓவனில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, விதைதான் சாகும். புது விதை வாங்கும்போது பொட்டலத்தில் எச்.ஆர்., ஐ.ஆர். என்ற எழுத்துகளைப் பாருங்கள். முன்னது உயர் எதிர்ப்பு, பின்னது இடைநிலை. அதையடுத்து இசட்.ஒய்.எம்.வி. (சுக்கினி எல்லோ மொசைக்), பி.ஆர்.எஸ்.வி. (பப்பாளி ரிங்ஸ்பாட்), சி.எம்.வி. (குக்கும்பர் மொசைக்) என வைரஸ் பெயர்கள் இருக்கும். ஒரு வைரஸுக்கு எதிர்ப்பு உள்ள ரகம் மற்றதுக்குத் தலைவணங்கலாம், ஆகவே சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். முலாம்பழத்தில் வாட் என்ற மரபணு உள்ள ரகங்கள், பருத்தி அசுவினியையும் அது சுமந்துவரும் வைரஸையும் சேர்த்தே தடுக்கின்றன. சில வைரஸ்கள் தம் புரதத்தைச் செய்துகொள்ளச் செடியின் ஒரு புரதத்தைக் கடன் வாங்குகின்றன. அந்தப் புரதம் சற்றே மாறிய செடியில் அவை பெருக முடிவதில்லை. 2016-இல் இஸ்ரேலில் வெள்ளரியில் அந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையில் மாற்றி, மூன்று வைரஸ்களுக்கு எதிர்ப்பு வரவைத்தார்கள். நல்ல ரகங்கள் இந்தத் திசையிலிருந்து வரும் என்று நம்புகிறேன்.

பப்பாளிக்குப் பயமில்லை, வெள்ளரிக் குடும்பத்தில் பரவும் ரிங்ஸ்பாட் வைரஸின் டபிள்யூ வகை பப்பாளியில் ஏறாது. பப்பாளியைத் தாக்கும் பி வகைதான் இரண்டிலும் ஏறும். பப்பாளி இலையிலும் தேமல், காயில் வளையம் வளையமாகக் கோடு என்று இருந்தால் அதையும் சோதிக்கக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்தும் நோய் திரும்பி வருவது ஏன் என்பதுதான் நம் ஊரின் தனிச் சிக்கல். குளிர்நாடுகளில் பனிக்காலம் கொடியையும் பூச்சியையும் ஒருசேர முடித்துவைக்கிறது. ஈசூனில் அப்படி ஒரு காலம் கிடையாது. ஒருவர் பாகல் முடியும்போது இன்னொருவர் சுரை பூக்கிறது, அவருடையது முடியும்போது உங்கள் முலாம்பழம் முளைக்கிறது. வைரஸுக்கு ஆண்டு முழுதும் பந்தி. அந்த இடைவெளியை நீங்களே உண்டாக்க வேண்டும். ஐந்து குடும்பமும் பேசி, ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஆறு வாரம், தோட்டத்தில் வெள்ளரிக் குடும்பச் செடி ஒன்றுகூட இல்லாமல் வையுங்கள். வெள்ளை ஈ முட்டையிலிருந்து வளர நம் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும், வளர்ந்த ஈ இன்னும் சில வாரம் வாழும், அதனால்தான் ஆறு. அந்நாள்களில் தண்டுக்கீரை, கங்கூன் போடலாம். கத்தரிக்காய், வெண்டை, தக்காளி வேண்டாம், வெள்ளை ஈ அவற்றில் செழிக்கும். ஒருவர் மட்டும் ஒரு கொடியை ஆசையாக விட்டுவைத்தால் மற்ற நால்வரின் ஆறு வாரமும் வீண். வேலியில் தானாக ஏறியிருக்கும் கோவைக்கொடியையும் வேரோடு எடுங்கள், யாரும் நடாமலே ஆண்டு முழுதும் வைரஸைக் காப்பாற்றி வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான்.

பிறகு நடும்போது நாற்றை முதல் நாளிலிருந்தே 50 மெஷ் வலைக்குள், அதாவது ஓர் அங்குலத்துக்கு 50 கண்கள் உள்ள நுண்வலைக்குள், வளருங்கள். வலையின் ஓரத்தை மண்ணில் புதைக்க வேண்டும், ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் ஈ உள்ளே போகும். உள்ளே காற்றோட்டம் குறைவதால் சாம்பல் நோய் வரலாம், கொடிகளை நெருக்கி நடாதீர்கள். பூத்தபின் வலையைத் திறக்காமல் கையால் மகரந்தம் சேர்க்கலாம். முலாம்பழத்துக்கும் பாகலுக்கும் காலை ஒன்பது மணிக்குள், அன்று மலர்ந்த ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டுப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். முலாம்பழத்தில் பிஞ்சு தாங்கிய பூவிலேயே மகரந்தமும் பெரும்பாலும் இருக்கும், ஆனாலும் தடவிவிட்டால்தான் காய் பிடிக்கும். பீர்க்கை மாலையில் மலர்வது, அதற்கு ஆறு மணிக்கு மேல் இறங்கி வாருங்கள்.